மேனேஜரிடம் மட்டும் சொல்லாதவர்

மனிதரில் ஓர் இனம் உண்டு. மலைநாட்டில் அது தேயிலையைப் போலவே செழித்து வளர்கிறது. தேயிலையைப் போல அதை யாரும் கவ்வாத்து வெட்டுவதில்லை என்பதுதான் வித்தியாசம். இந்த இனத்தவருக்கு உலகத்தில் எதுவும் திருப்தி தருவதில்லை. அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. உலகம் அப்படித்தான் இருக்கிறது. அவருடைய சிறப்பு வேறு. சாப்பாட்டில் உப்பில்லை என்றால் அதை மனைவியிடம் சொல்வார், பக்கத்து மேசைக்காரரிடம் சொல்வார், கை கழுவும் இடத்தில் நிற்கும் முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்வார், ஊர் திரும்பும் பஸ்ஸில் சொல்வார், ஆறு மாதம் கழித்து ஒரு சாவு வீட்டில், பாடை கட்டி முடியும்வரை பொழுது போக வேண்டுமே என்று அங்கும் சொல்வார். சமைத்தவரிடம் மட்டும் சொல்ல மாட்டார். சமைத்தவரே எதிரில் வந்து நின்று, எப்படி இருந்தது என்று கேட்டால்? பிரமாதம் என்பார். இன்னொரு கரண்டியும் வாங்கிக்கொள்வார்.

இவரைக் கோழை என்று நினைத்துவிடாதீர்கள். இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரியாக நான் காட்டப்போகும் கணேசமூர்த்தி, கொட்டகலைக்கு மேலே ஒரு தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கர், அதாவது தூள் தயாரிப்புக்குப் பொறுப்பானவர். அவர் குரல் எழுந்தால் கொழுந்து அரைக்கும் இயந்திரங்களே வெட்கப்பட்டுத் தணியும். கொட்டகலைக் கடைவீதியில் சொத்தைக் கத்தரிக்காயைத் திருப்பிக் கொடுத்து, கடைக்காரரின் தராசு, நாணயம், வளர்ப்பு ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் விசாரிப்பவர். தனக்குக் கீழே இருப்பவரிடம் சிங்கம். தனக்குச் சமமானவரிடமும் சிங்கம். மேலே இருப்பவரிடம்? அங்கேதான் விஷயமே இருக்கிறது.

தோட்டத்தில் குறைக்கு என்று ஒரு பாதை உண்டு. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரை ஒழுகுகிறது என்றால் நேரே துரையிடம் போய்ச் சொல்லிவிட முடியாது. காலையில் பெரட்டுக் களத்தில், வேலை பிரிக்கும்போது, கங்காணியின் காதில் போட வேண்டும். கங்காணி கணக்கப்பிள்ளையிடம் சொல்வார், கணக்கப்பிள்ளை கிளாக்கரிடம் சொல்வார், கிளாக்கர் சின்னத்துரையிடம் சொல்வார், சின்னத்துரை நல்ல நேரம் பார்த்துப் பெரிய துரையிடம் சொல்வார். ஒவ்வொரு படி ஏறும்போதும் குறை கொஞ்சம் எடை குறையும். அடிவாரத்தில், "கூரைத் தகரம் பறந்துபோச்சுங்க, புள்ளைக நனையுதுங்க" என்று புறப்பட்டது, பங்களா வாசலை அடையும்போது, "இந்த வருஷம் மழை நல்லா இருக்கு சார்" என்று ஆகியிருக்கும். துரையும் சந்தோஷமாகத் தலையாட்டுவார். யாரும் பொய் சொல்லவில்லை. மழை நல்லாத்தானே இருக்கிறது?

கணேசமூர்த்தி பல வருடங்களாக இந்த ஏணியின் நடுப்படிகளில் ஒன்று. தொழிற்சாலை ஆட்கள் அவரிடம் வந்து குறை சொன்னால், "சொல்றேன், போ" என்பார். அந்த வார்த்தையின் பொருள் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். சொல்ல மாட்டார் என்று பொருள்.

இப்பேர்ப்பட்டவர்தான், சமாதானப் பேச்சுவார்த்தை நடந்து சோதனைச் சாவடிகள் ஓய்ந்திருந்த அந்த வருடத்தில், தமது வெள்ளி விழாக் கல்யாண நாளுக்காக, தெற்குக் கரையில் ஒரு பெரிய ஹோட்டலுக்கு இரண்டு இரவு தங்கப் போனார். ஹோட்டலின் பெயர் வேண்டாம். கொழும்பில் வங்கியில் வேலை செய்யும் மகள் ஷாமிலா ஏற்பாடு செய்து கொடுத்தது. அவருடைய மனைவி நாகலெட்சுமி, தோட்டத்துப் பாலர் பாடசாலையின் ஆசிரியை, மகளிடம் கேட்டிருந்தது ஒன்றே ஒன்றுதான்: காலையில் கண்ணைத் திறந்ததும், படுத்தபடியே, கடல் தெரிய வேண்டும். கல்யாணமான நாள் முதல் கண் திறந்ததும் அவருக்குத் தெரிந்தது பனிமூட்டம். பனிமூட்டம் விலகினால் தொழிற்சாலையின் தகரச் சுவர். ஒரு நாளைக்காவது வேறு எதையாவது பார்க்கக் கூடாதா?

போய் இறங்கியதும் செவ்விளநீர் கொடுத்தார்கள். முகம் துடைக்கக் குளிர்ந்த துண்டு கொடுத்தார்கள். வரவேற்பில் இருந்த பெண், இன்று கடல் பக்கத்து அறைகள் நிறைந்துவிட்டன என்று வருந்தினார். நாளை மதியம் ஒன்று காலியாகிறது, காலையில் மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், மாற்றித் தருவார் என்றும் சொன்னார்.

ஒரு வார்த்தை. அவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்கு நம் இனத்தைப் பற்றி என்ன தெரியும்!

அறைக்குள் நுழைந்த நாகலெட்சுமி நேரே போய்த் திரையை இழுத்தார். எதிரே சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை. கொட்டகைக்குள் லொறி அளவுக்கு ஒரு ஜெனரேட்டர், மின்சாரம் நிற்காத நேரத்திலும் ஏதோ கடமையுணர்ச்சியில் ஓடிக்கொண்டிருந்தது.

"தகரம்," என்றார் நாகலெட்சுமி. "கொட்டகலையில பார்த்த அதே தகரம்."

அதோடு முடியவில்லை. கடற்கரையில் வெக்கையாக இருக்கும் என்று சுவெட்டர்களை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்கள். ஏசியின் குமிழ் உடைந்துபோயிருந்ததால் அறையில் நுவரெலியாவின் ஜனவரி மாதம் குடியிருந்தது. மலையை விட்டு இறங்கி, நாள் முழுக்கப் பஸ்ஸிலும் ரயிலிலும் இடிபட்டு, கடல் மட்டத்துக்கு வந்து, இருவரும் துவாய்களைப் போர்த்திக்கொண்டு நடுங்கினார்கள். தேநீர் வந்தது. நூல் கட்டிய பை. கணேசமூர்த்தி தொழில் முறைப்படி சத்தமாக உறிஞ்சி, நாக்கில் புரட்டி, துப்ப இடம் தேடி, இல்லாததால் விழுங்கினார்.

"இது தேத்தண்ணியா? நம்ம பேக்டரியில தரையைக் கூட்டி அள்ளுறோமே, அந்தத் தூளு. அதுவும் போன வருஷத்துத் தூளு!"

"போயி சொல்லுங்க."

"சொல்றேன்."

"அப்படியே ரூமையும் சொல்லுங்க. நாளைக்கு மாத்திக் குடுக்கச் சொல்லி."

"சொல்றேன், சொல்றேன்."

"இந்தச் 'சொல்றேன்'லாம் எனக்கு வேணாங்க. நான் பேக்டரி ஆளு இல்ல."

ஆனாலும் அவர் சொன்னார். முறைப்படி சொன்னார். அறை துடைக்க வந்தவரின் சட்டையில் மாயாண்டி என்று பெயர் இருந்தது, விசாரித்தால் ஊர் பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டம். கணேசமூர்த்திக்குத் தோட்டத்துக் காற்று அடித்தது போல் இருந்தது. அவரை உட்காரவைத்து, சுவர், தகரம், குளிர், தூள், ஜெனரேட்டர் என்று ஒன்று விடாமல் ஒப்பித்தார். மாயாண்டி பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "நான் சொல்றேங்க சார்," என்றார்.

கணேசமூர்த்தி அந்த வார்த்தையை அடையாளம் கண்டிருக்க வேண்டும். ஆனால் மனிதனுக்குத் தன் குரலை அடுத்தவர் வாயில் கேட்டால் தெரிவதில்லை. குறையை உரிய இடத்தில் ஒப்படைத்த நிம்மதியோடு தூங்கப் போனார்.

மாயாண்டியை நான் குறை சொல்லவில்லை, அவர் சொன்னார். ஜெனரேட்டர் சத்தம் கொஞ்சம் இருக்கிறதாம் என்று மேற்பார்வையாளரிடம் சொன்னார். மேற்பார்வையாளர், அந்த அறைக்காரர் ஜெனரேட்டரைப் பற்றிப் பேசினாராம் என்று வரவேற்பில் சொன்னார். அவர் தேயிலைத் தொழிற்சாலைக்காரர் என்பதை வரவேற்பில் சேர்த்துக்கொண்டார்கள். மறுநாள் காலைச் சாப்பாட்டு மேசைக்கு, கழுத்துப் பட்டியும் பளபளக்கும் சப்பாத்துமாக, மேனேஜரே வந்துவிட்டார்.

"சார், எங்கள் ஜெனரேட்டரில் உங்களுக்கு அவ்வளவு ஆர்வம் என்று கேள்விப்பட்டேன். வாருங்கள், காட்டுகிறேன்!"

நாகலெட்சுமி மேசைக்கடியில் புருஷனின் காலை மிதித்தார். இப்போது, இப்போது சொல்லுங்கள் என்று அந்த மிதிக்கு அர்த்தம். கணேசமூர்த்தி எழுந்தார், துரை கூப்பிட்டால் எழுகிற அந்த எழுச்சி. மேனேஜரோடு போய்விட்டார்.

நாகலெட்சுமி அறைக்குத் திரும்பி ஜன்னலருகே நின்றார். கடல்தான் தெரியாதே தவிர, மற்றதெல்லாம் அந்த ஜன்னலில் நன்றாகத் தெரிந்தது. கொட்டகைக்குள் தன் புருஷன் குனிந்து பார்ப்பது தெரிந்தது. இயந்திரத்தின் முதுகைத் தட்டிக்கொடுப்பது தெரிந்தது. மேனேஜர் ஏதோ கேட்பதும், புருஷன் இரண்டு கையையும் விரித்து, முகமெல்லாம் சிரிப்பாக, "வெரி நைஸ், வெரி நைஸ்" என்று அந்த இரைச்சலையும் மீறிக் கத்துவதும் தெரிந்தது.

அவர் திரும்பி வந்ததும் நாகலெட்சுமி கேட்டார்: "என்னாங்க கேட்டாரு?"

"ரூமு வசதியா இருக்கான்னு கேட்டாரு."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"எப்படி மூஞ்சிக்கு நேரா... நல்ல மனுசன். பெரிய ஆளு. ஒருக்கா நிப்பாட்டி, திரும்பச் சாவியைப் போட்டு ஸ்டார்ட் பண்ணிக்கூடக் காட்டினாரு."

"கடல் ரூமு?"

கணேசமூர்த்தி ஜெனரேட்டரைப் பார்த்தார். "உங்களுக்கு இந்த ரூமே பிடிச்சிருக்கதால, அதை மத்தியானம் வர்றவங்களுக்குக் குடுத்திடுறேன்னு சொன்னாரு. நான் என்னாத்த சொல்ல? தேங்க்யூன்னு சொன்னேன்."

நாகலெட்சுமி திரையை இழுத்து மூடினார். மதியம் அந்தக் கடல் அறைக்கு ஆட்கள் வந்தார்கள்.

வந்தவர் தம்பிஐயா. நுவரெலியாவில் கச்சேரி என்கிற மாவட்டச் செயலகத்தில் அதிகாரி, ஊர் யாழ்ப்பாணம், கூடவே மனைவி கேதீஸ்வரி. கொட்டகலை என்று கேட்டதும் தம்பிஐயா கணேசமூர்த்தியின் கையைப் பிடித்தார், சொந்தக்காரரைக் கண்டதுபோல. மாலைக்குள் இருவரும் புல்தரையில் நாற்காலிகளை நெருக்கிப் போட்டு, ஹோட்டலைக் கல் கல்லாகப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இறாலில் ரப்பர் இருந்தது. நீச்சல் குளத்து நீரில் மருந்து நாறியது. வாத்தியக்காரர்கள் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். கணேசமூர்த்தி இவ்வளவு மகிழ்ச்சியாக இருந்து நாகலெட்சுமி பார்த்ததே இல்லை.

"உதெல்லாம் பரவாயில்லை," என்றார் தம்பிஐயா. "எங்கட அறை இருக்கே, சரியாக் கடலுக்கு முன்னால. மத்தியானம் ஒரு கண் நித்திரை கொள்ள ஏலாமல் போச்சு. என்ன இரைச்சல்! உந்தக் கடல் இரவிலயும் உப்பிடித்தான் கத்துமோ?"

"எங்க ரூமுல ஜன்னலைத் தொறந்தா சுவருங்க."

"சுவரோ! குடுத்து வைச்சனீங்கள். சுவர் சத்தம் போடாது."

"ஜெனரேட்டர் போடும்."

"அது ஒரே சீரான சத்தமெல்லே. கடல் அப்பிடியே? விட்டு விட்டு அடிக்குது, மனுசனை எழுப்பவெண்டே."

நாகலெட்சுமி கேதீஸ்வரியைப் பார்த்தார். கேதீஸ்வரி நாகலெட்சுமியைப் பார்த்தார்.

"அப்ப ரூமை மாத்திக்க வேண்டியதுதானே?" என்றார் நாகலெட்சுமி.

இரண்டு ஆண்களும் அதிர்ந்துபோனார்கள். அப்படியொரு யோசனையை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. குறை என்பது பேசுவதற்குரியது, தீர்ப்பதற்குரியதல்ல.

"மேனேஜர் என்னா நினைப்பாரு? வெரி நைஸ்ன்னு சொல்லிப்புட்டேனே!" என்றார் கணேசமூர்த்தி.

"நானும் நல்ல வியூ எண்டு சொல்லிப்போட்டன்," என்றார் தம்பிஐயா. "இப்ப போய் மாத்திச் சொன்னால் மரியாதையே?"

கேதீஸ்வரி எழுந்து, அறைச் சாவிக்காகப் புருஷனிடம் கையை நீட்டினார். "இஞ்ச, திறப்பைத் தாங்கோ. ஒருத்தரிட்டையும் ஒண்டும் சொல்லத் தேவையில்லை. நானும் அக்காவும் மேல எங்கட அறையில படுக்கிறம். நீங்கள் ரெண்டு பேரும் கீழ போய், அந்தச் சுவரோட ஆசை தீரக் கதையுங்கோ."

அப்படித்தான் நடந்தது. வெள்ளி விழாத் தம்பதியர் ஆளுக்கொரு மாடியில் படுத்தார்கள்.

கீழறையில் என்ன நடந்தது என்பதைக் கணேசமூர்த்தி எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார்: ஏசியைப் பற்றி, தலையணையைப் பற்றி, இரண்டு பெரிய மனிதர்கள் ஒரே போர்வைக்குப் போராடியது பற்றி. மேலறையில் என்ன நடந்தது என்பதை நாகலெட்சுமி, அதே பாடசாலையில் படிப்பிக்கும் என் மனைவியிடம் ஒரே தடவைதான் சொன்னார். "கண்ணைத் தொறந்தேன் டீச்சர். இருந்துச்சு."

புறப்படும்போது மேனேஜர் வாசலில் நின்று, எல்லாம் திருப்தியா என்று கேட்டார். வெரி நைஸ் என்றார்கள் ஆண்கள் இருவரும், கோவில் மணியும் சேமக்கலமும் போல ஒன்றாக. "கடல் நல்லா இருந்துச்சு," என்று சிங்களத்தில் சொன்னார் நாகலெட்சுமி. உங்கள் அறையிலிருந்து கடல் தெரியாதே என்று மேனேஜர் குழம்பினார். கேதீஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு போய்த் தாங்கள் வந்த வேனில் ஏறினார்.

கணேசமூர்த்தி இப்போதும் அந்த ஹோட்டலை அட்டன் பஸ்ஸில் திட்டுகிறார். கொட்டகலை ஸ்டேஷனில், ரயில் பிந்தினால், விரிவாகத் திட்டுகிறார். "இதையெல்லாம் அந்த மேனேஜர்கிட்ட சொல்லியிருக்கலாமே?" என்று ஒரு நாள் கேட்டேன். "பாவங்க, மனசு நோகும்," என்றார். அடுத்த வருடமும் அங்கேயே போகிறார்களாம், தம்பிஐயா குடும்பத்தோடு. அந்தக் கீழறையையே கேட்டிருக்கிறார்களாம். அங்கே பேச நிறைய இருக்கிறதாம்.

இவ்வளவும் படித்துவிட்டு நீங்கள் சிரித்திருக்கலாம். சிரிக்காமலும் இருந்திருக்கலாம். கங்காணி கதை தேவையில்லை என்றும், நடுவில் இழுவை என்றும், இந்த ஆளுக்கு எழுத வேறு விஷயமே கிடைக்கவில்லையா என்றும் இன்று மாலையே வீட்டில் சொல்வீர்கள். நாளைக்குப் பக்கத்து வீட்டிலும் சொல்வீர்கள். சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. ஞாயிற்றுக்கிழமை கொட்டகலைச் சந்தையில், லீக்ஸ் குவித்திருக்கும் இடத்தில், நான் நிற்பேன். வாசித்தீர்களா, எப்படி இருந்தது என்று கேட்பேன். நீங்கள் சொல்லப்போகும் பதில் எனக்கு இப்போதே தெரியும். அதை நான் நம்பப்போவதில்லை. ஆனால் அதை உங்கள் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? நன்றி என்றுதான் சொல்வேன்.