இருபது கெஜத்துக்காக இரும்பு தூக்கிய அப்பா

ஐம்பத்திரண்டாவது வயதில் என் அப்பா பலசாலி ஆவதென்று தீர்மானித்தார். நாடு கேட்கவில்லை, வீடு கேட்கவில்லை. கோல்ஃப் மைதானத்தில் அப்பா அடிக்கிற பந்தைவிட வங்கி மேலாளர் அடிக்கிற பந்து இருபது கெஜம் தள்ளிப் போய் விழுகிறதாம். இரண்டு வாரத்தில் இருவருக்கும் நேருக்கு நேர் போட்டி. மானப் பிரச்சினை.

"காலேஜ்ல நான் நூறு கிலோ தூக்கினவன், தெரியுமா?" என்றார். முப்பது வருடமாக அந்த நூறு கிலோவை வாயால் மட்டுமே தூக்கிக்கொண்டிருக்கிறார்.

இரும்புத் தட்டுகளும் கம்பியும் வந்து இறங்கின என் அறையில். என் ஆய்வேட்டுப் புத்தகங்கள் கட்டிலுக்கு அடியில் அகதிகளாயின.

"அப்பா, இது என் ரூம். கேக்காம குடியேறினா அதுக்குப் பேரு ஆக்கிரமிப்பு."

"நீதான் லைப்ரரியிலயே கிடக்கறியேம்மா. ரூம் சும்மாதானே இருக்கு?"

"ஆக்கிரமிக்கிற எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க."

"நல்ல பாயின்ட். கொஞ்சம் தள்ளிக்கோ, தூக்கணும்."

அம்மாவிடம் மேல்முறையீடு செய்தேன். அம்மா பிசியோதெரபிஸ்ட். தினமும் பதினைந்து பேரின் இடுப்பை நிமிர்த்தி அனுப்புகிறவள். அப்பாவுக்கு மட்டும் அவளிடம் யோசனை கேட்கத் தோன்றவில்லை. செல்போனில் கத்துகிற ஒரு கட்டுமஸ்தான பையன்தான் குரு.

"ஏங்க, சின்ன எடையில ஆரம்பிக்கலாமே?"

"உனக்கு நோயாளிங்களைத்தான் தெரியும். இது விளையாட்டு வீரன் உடம்பு."

"சரிங்க."

எனக்கு ரத்தம் கொதித்தது. இவ்வளவு படித்தவள் இப்படியா அடங்கிப் போவது? பெண் விடுதலை பற்றி அரைமணி நேரம் பேசினேன். அதற்குள் அம்மா காய் நறுக்கி முடித்துவிட்டாள்.

போட்டிக்கு முந்தின நாள் காலை. என் அறையில் 'டொம்' என்று ஒரு சத்தம். அப்பா வெளியே வந்தார். கொடிக்கம்பம் நடந்து வருவது போலிருந்தது.

"என்னாச்சுங்க?"

"ஒண்ணுமில்லயே."

அம்மா ஒரு பார்வை பார்த்தாள். கையிலிருந்த ஸ்பூனைக் கீழே போட்டாள்.

"ஏங்க, அதை எடுங்களேன்."

"கிடக்கட்டுமே. எழுந்து ஓடவா போகுது?"

சாவிக்கொத்து விழுந்தது.

"கீழேயே இருந்தா தொலையாது."

ரிமோட், செய்தித்தாள், சீப்பு. கூடம் முழுக்கப் பொருள்கள் பரவிக் கிடக்க, அப்பா மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு கம்பீரமாக நின்றார். அம்மா ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து வைத்தாள்.

மறுநாள் வங்கி மேலாளர் காரோடு வந்தார். அப்பாவை அழைத்துப் போக வந்தவர், அம்மாவைப் பார்த்ததும் கும்பிட்டார்.

"மேடம், எல்லாம் உங்க புண்ணியம்! ஆறு மாசம் முன்னாடி ரெண்டு கிலோவுல ஆரம்பிச்சு வெச்சீங்க. இப்ப பந்து பறக்குது! சாரும் உங்க கிளாஸ்தானே?"

அப்பா உடம்பு முழுவதையும் அம்மா பக்கம் திருப்பினார். கழுத்து தனியாகத் திரும்பாது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா நீ?"

"அவர் கேட்டாருங்க."

"சார், கிளம்பலாமா?" என்றார் மேலாளர்.

"போய்ட்டு வாங்க," என்றாள் அம்மா. "ஆனா அடிக்கறதுக்கு முன்னாடி குனிஞ்சு பந்தைத் தரையில வைக்கணுமே? யாரு வைப்பா?"

அப்பா சோபாவில் சாய்ந்தார். போட்டி ஒத்திப்போடப்பட்டது. ஒப்பந்தம் அங்கேயே கையெழுத்தானது: இரும்பு என் அறையைக் காலி செய்யும், அப்பா அம்மாவின் மாலை வகுப்பில் கடைசி வரிசை. இரண்டு வாரம் வாதாடி நான் வாங்க முடியாத தீர்ப்பை அம்மா குரலே உயர்த்தாமல் வாங்கிவிட்டாள். எனக்கு அதிலும் கோபம்தான்.

"ஒரு மாசத்துல அவரை ஜெயிச்சிடுவேன்ல?" அப்பா ஈனசுரத்தில் கேட்டார்.

"ஜெயிக்கறது இருக்கட்டுங்க. முதல்ல நாளைக்கு ஒரு சாக்ஸை நீங்களே மாட்டுங்க, பாப்போம்."