உச்சிவேளைச் சாமியும் காலைப் பெரட்டும்

ஞாயிற்றுக்கிழமை என்றால் ஹட்டன் பஸ்களில் கால் வைக்க இடமிருக்காது. கூட்டமெல்லாம் மேமலைத் தோட்டத்து முனி கோயிலுக்குத்தான். மடங்கிப்போன விரல்களை அங்கே ஆண்டியப்பச் சாமி தொட்டே நிமிர்த்துகிறாராம். காசு வாங்கமாட்டார். தலைக்கு ஒரு சேவல் மட்டும். ஆறே மாதத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் கூவுவதற்குச் சேவல் இல்லை. சாமிக்குத் தொந்தி விழுந்துவிட்டது.

தேயிலைக் கொழுந்து எடுக்கும் வீரம்மா மட்டும் ஏழு சேவல் கொடுத்திருந்தாள். மூன்று வருடத்துக்கு முன் விரல் கணுக்களில் தொடங்கிய வீக்கம் அவளுக்கு. இடக்கைக்கு வந்தது வலக்கைக்கும் வந்தது. பிறகு மணிக்கட்டுகள். இப்போது விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்கின்றன. விடிந்தால் தீப்பெட்டியைக்கூடத் திறக்க முடியாது. வேலைக்குப் போகுமுன் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிவிட மகள் பூரணி வரவேண்டும்.

"இது மூட்டுவாதம். மாத்திரையை விட்டால் விரல் கோணிக்கொண்டே போகும்" என்று டிக்கோயா ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தார்.

சாமி சொன்னது வேறு. "ஆகாதவ ஒருத்தி நீ கொழுந்து எடுக்கிற நிரையில செய்வினைத் தகடு பொதைச்சிருக்கா. மாத்திரை தின்னா முனி வெலகிடுவாரு."

மாத்திரை ஓடையில் போயிற்று. டாக்டர் சேவல் கேட்கவில்லை அல்லவா, அவரை எப்படி நம்புவது?

இதற்கிடையில் கங்காணி சிவசாமி வந்து சொன்னார். "மாசக் கடைசிக்குள்ள பழையபடி கொழுந்து எடுக்கலேன்னா பேரை வெட்டிடுவாங்க வீரம்மா. பேரு போனா நீ குடியிருக்கிற காம்பராவும் போயிடும்."

அந்த ஞாயிறும் அவள் இருட்டோடு வந்து வரிசையில் நின்றாள். அதுதான் சாமியின் சட்டம்: விடியுமுன் வரவேண்டும், உச்சிப் பூசை முடிந்துதான் தொடுவார். தொட்டதும் விரல் திறக்கும். பெண்கள் குலவை போடுவார்கள்.

பதினொரு மணிக்கு வீரம்மா முந்தானையைப் பிடித்து மூக்கைத் துடைத்தாள். துடைத்த பிறகுதான் கையைப் பார்த்தாள். விரல்கள் திறந்திருந்தன. சாமி அப்போதுதான் பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

"பேச்சியக்கா, ஒங்க கையைக் காட்டுங்க."

வரிசையில் அடுத்து நின்ற பேச்சியம்மாவுக்கும் அதே வீக்கம்தான். அவள் விரித்துக் காட்டினாள். "அட, ஆமாடி! சாமி இன்னும் தொடலியே?"

"காலையில மரக்கட்டை, வெயில் ஏறினா எளகுது. வீட்டுல இருந்தாலும் இதேதான் அக்கா."

பூசை முடிந்தது. வீரம்மா கையை நீட்டவில்லை.

"சாமி, உச்சிக்குக் கை தெறந்து நான் என்ன பண்ண? எனக்குக் கை வேண்டியது காலையில ஆறு மணிக்கு. நாளைக்கு வேலைக்குப் பேரு பதியிற பெரட்டுக்கு வந்து தொட்டு விடுங்க."

"முனி காலையில எறங்கமாட்டாரு மகளே."

"மலை ஏறுற எங்களுக்கு எறங்காம, படுத்துத் தூங்குறவங்களுக்கா எறங்குவாரு?"

கூட்டம் சிரித்தது. "வாங்க சாமி, வாங்க!" என்று நாலு பக்கமும் குரல். பக்தி கூடிப்போனால் சாமியாருக்கும் தப்பிக்க வழியில்லை.

மறுநாள் பெரட்டுக் களத்தில் ஒரே பனி. கம்பளிக்குள் சாமி. எதிரே எட்டுப் பெண்கள், பதினாறு மடங்கிய கைகள். சாமி தொட்டார். மந்திரம் சொன்னார். விபூதியை ஊதினார். ஒரு விரலும் அசையவில்லை.

"சத்தமாச் சொல்லுங்க சாமி, முனி கம்பளிக்குள்ள இருக்காரு போல" என்றாள் பேச்சியம்மா.

அந்தக் குளிரிலும் சாமிக்கு வியர்த்தது. வாய் தவறிவிட்டது: "பத்து மணி வரைக்கும் பொறுங்க, தானாத் தெறந்துக்கும்!"

"தானாத் தெறக்குமா?" என்றாள் வீரம்மா. "அப்ப நீங்க எதுக்கு சாமி?"

கங்காணி பேர் பதியும் செக்ரோல் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். பத்து மணிக்கு மலையில் விரல்கள் திறந்தபோது, சாமி ரயிலேறி நானுஓயா தாண்டிப் போயிருந்தார்.

மறுநாளே வீரம்மா டிக்கோயாவுக்குப் போனாள். "சாய்ந்த விரல் இனி நிமிராது. மிச்சத்தைக் காப்பாற்றலாம்" என்றார் டாக்டர். அவர் எழுதிய துண்டைப் பார்த்துத் தோட்டத்துத் தொரை பேரை வெட்டவில்லை. கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா வேலைக்கு மாற்றினார். குடியிருந்த காம்பரா தப்பியது. மாத்திரையை விட்ட ஆறு மாதத்தில் கோணிய விரல்கள் கோணியவைதான்.

மேமலையில் இன்றைக்கும் விடியலில் கூவ ஒரு சேவல் கிடையாது. அத்தனையும் தின்று தீர்த்தாயிற்று. இனி நாமாகத்தான் விழித்துக்கொள்ள வேண்டும்.