1642இல் இறந்தவருக்குக் கண்ணீர் அஞ்சலி

கண்ணுகளா, யார் செத்தாலும் சொந்தக்காரர்கள்தான் அழுவார்கள். செத்து முந்நூற்று எழுபது வருடம் தாண்டிய ஒருவருக்காக அழுத ஒரே மனிதர் 'நாப்பத்திரெண்டு'தான். நான் லேத் ஓட்டிய பீளமேட்டுப் பட்டறைக்குப் பக்கத்தில் போஸ்டர் அடித்துக்கொண்டிருந்தார்.

அவருடைய பொது அறிவுப் புத்தகத்தைக் கரையான் தின்று, 1642ஆம் வருடத்தை மட்டும் மிச்சம் வைத்திருந்தது. அன்றிலிருந்து அவருக்கு அது ஒன்றுதான் வருடம்; அதன் கடைசி இரண்டு எண்தான் நாங்கள் வைத்த பட்டப்பெயர். இங்கிலாந்து ராஜாவுக்கும் பார்லிமென்டுக்கும் சண்டை மூண்டதை, அடுத்த சந்தில் நடப்பதுபோல் கவலையோடு சொல்வார். டச்சுக் கப்பல் நியூசிலாந்தைக் கண்ட நாளில் பட்டறைக்கே கடலை மிட்டாய் கொடுத்தார். அந்த வருடக் கிறிஸ்துமஸில் பிறந்த விஞ்ஞானிக்குப் பிறந்தநாள் பேனர் கட்டினார். குழந்தைக்கு எத்தனை வயது என்று கேட்டவருக்குக் கூச்சமில்லாமல் கணக்குப் போட்டுச் சொன்னார்.

ஜனவரி எட்டு, தொலைநோக்கியால் வானத்தைப் பார்த்த இத்தாலிக்காரர் இறந்த நாள். தாடி வைத்த படத்தோடு கண்ணீர் அஞ்சலி அடித்துத் தன் வீட்டுச் சுவரிலேயே ஒட்டினார். பசை தடவியது நான். கீழே 'வருந்தும் குடும்பத்தார்' என்று போடாவிட்டால் அது போஸ்டரா? இத்தாலியில் அவருக்கு யாரைத் தெரியும்? தன் பெயர், மனைவி பெயர், மகள் பெயர் என்று வரிசையாகப் போட்டுவிட்டார்.

தை பிறந்த நாலாம் நாள், மகளை உறுதி செய்யக் காங்கேயத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பழத்தட்டோடு வந்தார்கள். சுவரைப் பார்த்தார்கள். சாவுப் போஸ்டரில் வருடத்தை யார் படிக்கிறார்கள்? எட்டாம் தேதி சாவு, பதினாறு நாள்கூட ஆகவில்லை. வாசலை மிதிக்காமல் திரும்பிவிட்டார்கள். ஜன்னலில் நின்ற பெண் அழ ஆரம்பித்தாள். நாப்பத்திரெண்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு ஓடினார், பின்னால் நான்.

"ஏனுங்க, நில்லுங்க. அவரு செத்து ரொம்ப நாளாச்சுங்க."

"எத்தனை நாளுங்க?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"முந்நூத்தி எழுவது வருசத்துக்கு மேலயுங்க."

"உங்களுக்கு அவரு என்ன முறைங்க?"

"ஒரு முறையுமில்லீங்க. பூமிதான் சூரியனைச் சுத்துதுன்னு சொல்லிப்போட்டாருன்னு ஊட்டுக்குள்ளயே அடைச்சு வெச்சுட்டாங்க. கண்ணும் போயி, அப்படியே போய்ச் சேந்துட்டாருங்க. ஊரைக் கூட்டி எடுக்கவும் விடலீங்க. அதான் நாம ஒரு போஸ்டராச்சும்..."



"நாலு பேரு சேராத சாவா? பாவமுங்க," என்ற அந்த அம்மா, மகன் பக்கம் திரும்பினார். "தட்டை எடுடா. யாரோ எவரோன்னே இத்தனை பாசம் வெச்சிருக்காரு. உன்னைய உட்டுருவாரா?"

இருந்தாலும் ஒரு சொம்புத் தண்ணீரில் கால் கழுவிய பிறகுதான் வீட்டுக்குள் வந்தார்.

அந்த இத்தாலிக்காரர் யாரென்று உங்கள் டீச்சரிடம் கேளுங்கள், சொல்லிவிடுவார். நாப்பத்திரெண்டு யாரென்று கேட்டால் எந்த டீச்சருக்கும் தெரியாது. அதற்காகத்தான் இதை உட்கார்ந்து எழுதினேன்.