கை பார்த்துக் கதை கொடுத்த வளையல்காரர்

இளம்பிள்ளையில் எங்கள் தெரு மாமியார்கள் அத்தனை பேரும் மருமகள்களைச் சந்தேகப்பட்டார்கள், மருமகள்கள் அத்தனை பேரும் மாமியார்களைச் சந்தேகப்பட்டோம் என்றால், அதற்கு முழுப் பொறுப்பும் ஒரே ஒரு ஆள்தான். அதற்கு முன்னாலும் சந்தேகம் இல்லாமல் இல்லை. ஆனால் அதை அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்துக் கொடுத்தவர் அவர்.

அவர் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. 'மர்ம வளையல்காரர்' என்றால் ஆட்டையாம்பட்டி வரைக்கும் தெரியும். வலது தோளில் வளையல் சரம், இடது தோளில் நாவல் மூட்டை. வளையல் போட்டுக்கொண்டால் நாவல் இரவல் இனாம். எல்லாம் மர்ம நாவல்கள்தான், அதிலும் குடும்ப மர்மம் மட்டும்தான். அவருடைய மூட்டையில் கொலைகாரன் வெளியூரிலிருந்து வரவே மாட்டான். பக்கத்து அறையில்தான் படுத்திருப்பான்.

"ஏனுங், ஒரு பேய்க் கதை குடுங்களேன்" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"பேயி என்ன அம்மிணி பண்ணிப்போடும்? சொந்தக்காரங்க பண்ணாததையா?" என்றார்.

வளையல் ஏற்றுவதற்கு முன் கையைப் பிடித்து ஒரு அமுக்கு அமுக்குவார். கண்ணைப் பாதி மூடிக்கொள்வார். சித்த வைத்தியர் நாடி பார்க்கிற மாதிரிதான். பிறகு தீர்ப்பு வரும்: "இந்தக் கைக்கு வெசம் வெக்கிற கதை ஆவாதுங்க. சூடு சாஸ்தியா இருக்குது. காணாமப் போன தங்கச்சி கதை தாரேன், ஒரு வாரம் படிங்க, கேக்கும்." எதிர்வீட்டுச் சரசக்காவுக்குக் கொழுந்தன் கழுத்தை நெரிக்கிற கதையை அவர் மருந்துச் சீட்டு எழுதாத குறையாகக் கொடுத்தார். ஏன் அப்படிக் கொடுத்தார் என்று தெரு முழுக்க ஒரு மாதம் பேசினோம். சரசக்காவின் கொழுந்தன், பாவம், அந்த மாதம் முழுக்கத் தலைகுனிந்தே நடந்தான்.

மத்தியானம் ஆனால் ஆறேழு பெண்கள் எங்கள் வீட்டில் ராட்டை போட்டு நூல் சுற்றுவோம். ஐந்தாம் வகுப்பு தாண்டியவள் என்பதால் நான் உரக்கப் படிப்பேன். உள்ளே தறியில் உட்கார்ந்திருக்கும் ஆம்பிளைகளுக்கு இந்தப் பொம்பிளைக் கதையெல்லாம் வெகு இளப்பம். ஆனால் கதையில் கத்தி வெளியே வந்தால் உள்ளே தறிச் சத்தம் நின்றுவிடும். கொலை விழுந்த பிறகுதான் மறுபடி ஓடும்.

என் மாமியாருக்கு எழுத்து வராது, காது நன்றாக வரும். "கருமம் புடிச்ச கதை" என்று காறித் துப்பிவிட்டுத் தூணோரம் வந்து உட்கார்ந்துகொள்வார். பாலில் விஷம் வைக்கிற மருமகள் கதை ஓடிய வாரத்தில் எனக்கு ஒரு புதுச் சலுகை கிடைத்தது.

"நீ மொதல்ல ஒரு வாய் குடிச்சுப்போட்டு எனக்குக் குடு கண்ணு" என்றார், தேன் சொட்ட.

அன்பாம்! நான் அரை டம்ளர் குடித்துவிட்டுத்தான் கொடுத்தேன். அந்த வீட்டில் மருமகள் நாக்கில் பால் பட்டது அந்த நாவலின் புண்ணியத்தால்தான்.

அப்புறம் யுத்தம் வந்தது. காகிதத்துக்குப் பஞ்சம், புது நாவல் வரத்து நின்றுபோனது. இருக்கிற புத்தகத்தையெல்லாம் வளையல்காரர் இரண்டாக, மூன்றாகக் கிழித்து, சணலில் தைத்து, வீட்டுக்கு ஒரு பாகமாகச் சுற்றுக்கு விட்டார். சும்மா சொல்லக்கூடாது, அருமையான ஏற்பாடு. ஒரே குறை, எந்தப் பாகம் எந்தப் புத்தகம் என்பது அவருக்கு நினைவிருக்காது. ஒரு பாகத்தின் கடைசிப் பக்கத்தில் கிணற்றில் குதித்துச் செத்த பெரிய வீட்டு எஜமானி, அடுத்த பாகத்தின் முதல் பக்கத்தில் ரயிலில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தாள்.

"கெணத்துக்குள்ள சொரங்கம் இருந்திருக்கும்" என்றார் சரசக்கா. எல்லோரும் தலையாட்டினோம்.

நான் மட்டும் விடவில்லை. "புஸ்தகம் மாறிப்போச்சுங்க வளையல்காரரே" என்று சண்டைக்குப் போனேன்.

மனுஷன் அசரவில்லை. "ஊட்டு ரகசியம்னா வரிசையாவா அம்மிணி வெளிய வரும்?"

சிரித்தேன். எங்கள் வீட்டு ரகசியம் அவர் வாயாலேயே வெளியே வரப்போகிறது என்று அப்போது தெரியாது.

என் அக்கா மூன்று வீடு தள்ளித்தான் இருந்தாள். எனக்கு நாலு வயதில் அம்மா போய்விட்டாள். தலை பின்னி, பேன் பார்த்து, சோறூட்டி வளர்த்தது அக்காதான். தான் வாக்கப்பட்ட தெருவிலேயே எனக்கும் மாப்பிள்ளை பார்த்தாள். கல்யாணமாகி எட்டு வருஷமாகியும் அவளுக்குப் பிள்ளை இல்லை. எனக்கு நாள் தள்ளிப்போனதும் மாமியார் காதோடு உத்தரவு போட்டார்: "உங்க அக்காகாரிக்குத் தெரியக் கூடாது. கண்ணு பட்டுப்போகும்."

'போங்கத்தை, அவ என்னை வளத்தவ' என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாலு மாதம் மறைத்தேன். தண்ணீர் சேந்தப் போன இடத்தில் வாந்தியெடுத்தபோது "அஜீரணம்க்கா" என்றேன். அவள் அன்றைக்கே சுக்கு இடித்துக் கஷாயம் வைத்துத் தன் பித்தளைச் செம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். மூன்று முறை கொண்டுவந்தாள். மூன்று முறையும் வாங்கிக் குடித்தேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஐந்தாம் மாதம் வளையல்காரர் வந்தார். என் கையை அமுக்கியவர் விஷயம் புரிந்து சிரித்தார். நேரே அக்கா வீட்டுக்குப் போனார். கூடப்பிறந்தவளுக்குத் தெரியாமலா இருக்கும் என்று, வாயெல்லாம் பல்லாக, "தங்கச்சி வளைகாப்புக்கு எத்தனை டஜன் எடுத்தாரட்டுங்க?" என்று கேட்டுவிட்டார். வளையல்காரன் சந்தோஷமாகக் கேட்கிற கேள்விதானே அது!

அக்கா சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் தேவலை. பக்கத்து வீட்டுப் பெண்ணை அனுப்பிச் செம்பைத் திருப்பி வாங்கிக்கொண்டாள், அவ்வளவுதான். அன்றிலிருந்து தண்ணித்துறையில் நான் நின்றால் அவள் குடத்தோடு திரும்பிவிடுவாள். ஏழாம் மாதத்தில் வளைகாப்புக்கு நாள் குறித்தார்கள். அக்கா வராமல் எனக்கு எதற்கு வளைகாப்பு என்று அழுது அழுது முகம் பூசணிக்காயாகிவிட்டது.

அடுத்த முறை வளையல்காரர் வந்தபோது பிடித்துக்கொண்டேன். "உங்க வாயி சும்மா கெடக்காதா? எங்கக்கா எங்கூடப் பேசி ஒண்ணரை மாசமாச்சு!"

மனுஷன் வளையல் சரத்தை இறக்கி வைத்தார். என் கையை வெகுநேரம் பிடித்திருந்தார். பிறகு மூட்டையின் அடியிலிருந்து புத்தகக் கட்டு ஒன்றை எடுத்தார். "இதப் படிங்க சாமி. அக்கா தங்கச்சி கதை. ஒரு கொழந்த, ரெண்டு அம்மா. பெத்தவ யாருங்கறது கடைசித் தாள்லதான் தெரியும்."

ராட்டையெல்லாம் நிற்க, இரண்டே மத்தியானத்தில் படித்து முடித்தேன். கதையில் வருகிற அக்கா பரணிலிருந்து தங்கையின் இரும்புப் பெட்டியை இறக்கிப் பூட்டை உடைக்கிறாள், மூடியைத் தூக்குகிறாள், உள்ளே... கட்டு முடிந்துவிட்டது. வழக்கமான குளறுபடிதான் என்று மனுஷனைத் திட்டிக்கொண்டே தெருவெல்லாம் விசாரித்தேன். பின்பாதி அக்காவிடம் இருந்தது.

சரசக்காவைத் தூது அனுப்பினேன். போன வேகத்தில் திரும்பி வந்தார். "தர மாட்டாளாம். முன்பாதிய அவ கேக்கறா. 'யாரு பெத்த கொழந்தைன்னே தெரியாம ஒக்காந்து அழுதுட்டிருக்கேன்'ங்கறா."

ரோஷத்தில் நான் மூன்று நாள் போகவில்லை. நாலாம் நாள் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தது யார் தெரியுமா? என் மாமியார்.

"போய்த்தான் கேளேன்டி அவள!"

"கண்ணு பட்டுப்போகுமே அத்தை?"

"கண்ணு கெடக்குது! அந்தப் பொட்டிக்குள்ள என்ன இருந்துதுன்னு தெரியாம எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது!"

வயிற்றைத் தூக்கிக்கொண்டு போனேன். அக்கா ராட்டையில் இருந்தாள், தலை நிமிரவில்லை. நான் எதிரில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து உரக்கப் படித்தேன். என் பாதி முடிந்ததும் அவள் ராட்டையை விட்டுவிட்டுத் தன் பாதியை எடுத்துப் படித்தாள். தங்கை தன் வயிற்றில் குழந்தை இருப்பதை அக்காவிடம் மறைத்த கதை அதில் வந்தது. அக்கா அங்கே புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"நா சுக்கு இடிச்சுக் குடுத்தனே. அப்பக்கூடச் சொல்லோணும்னு தோணலியா உனக்கு?"

"பயந்துட்டேன்க்கா."

"எனக்கா பயந்தே?"

"அத்தைக்கு."

"பைத்தியக்காரி. அவிய கிட்டப் பேசறதுக்குத்தான் நா மூணு ஊடு தள்ளி இருக்கனே" என்று சொல்லிக்கொண்டே என் வயிற்றில் கையை வைத்தாள். ரெண்டு பேரும் அழுது ஓய்ந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு மீதியைப் படித்தோம். கடைசித் தாளைக் காணவில்லை! அக்காவும் நானும் சேர்ந்து அந்த மனுஷனைத் திட்டிய திட்டு இருக்கிறதே, அப்படி ஒரு சுகம் எனக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை.

வளைகாப்பு அன்று அக்கா வந்தாள். வந்தவள் சமையல்கட்டு வாசலோடு நின்றுகொண்டாள். பிள்ளை பெற்றவர்கள்தான் முன்னால் வந்து வளையல் போட வேண்டும் என்பது முறை. போய் அவள் கையைப் பிடித்து இழுக்க எனக்கு இடுப்பும் எழவில்லை, துணிச்சலும் எழவில்லை. முதல் வளையலை எடுக்கச் சரசக்கா கை நீட்டினார்.

"கொஞ்சம் பொறுங்க" என்றார் வளையல்காரர். காகிதத்தில் சுற்றிய ஒரு ஜோடியைத் தனியாக எடுத்து வைத்தார். "மொதல் சோடி இது. அந்தக் கடைசித் தாளு இதுலதான் சுத்தியிருக்குதுங்க. பின்பாதி யாரு கிட்ட இருந்துதோ அவிய கைதான் பிரிக்கோணும், அவிய கைதான் போடோணும். இது எங்க தொழில் முறைங்க."

அப்படி ஒரு முறையை எந்த வளையல்காரனும் கேள்விப்பட்டிருக்க மாட்டான். எல்லோரும் மாமியாரைப் பார்த்தார்கள். மாமியார் காகிதத்தைப் பார்த்தார்.

"அங்கெங்க நிக்கறே? வாடி, வந்து பிரி!" என்று சமையல்கட்டைப் பார்த்துக் கத்தினார்.

அக்கா வந்தாள். பிரித்தாள். எனக்கு முதல் வளையலைப் போட்டாள். அவள் போட்டு முடிக்கும்வரை மாமியாருக்குப் பொறுமை இல்லை. "அதென்ன போட்டிருக்குது, படி!"

அக்கா படித்தாள். ரயிலில் ஒரு அம்மாள் இரண்டாவது இட்லியை எடுத்தாள்.

"அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் ரயிலேறிட்டாங்க போல" என்றார் சரசக்கா. சபை சிரித்த சிரிப்பில் தறி வீட்டு ஆம்பிளைகள் எட்டிப் பார்த்தார்கள்.

மகள் பிறந்த பிறகு அவரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "நெசத்தைச் சொல்லுங்க. அந்தக் கடைசித் தாளு எங்க?"

"எங்கிட்ட அது எப்பவுமே இருந்ததில்லீங்க அம்மிணி" என்றார், குழந்தையின் கையை மெல்ல அமுக்கிப் பார்த்துக்கொண்டே.

அந்த மகள் இரண்டு வீட்டிலும் வளர்ந்தாள். பெற்றவள் யார் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்டால் எங்கள் தெருவில் யாரும் உடனே பதில் சொல்ல மாட்டார்கள். வளையல்காரர் ஒரு மழைக்காலத்துக்கு அப்புறம் வரவில்லை. எந்த ஊர், என்ன ஆனார் என்று கேட்டு வைக்கவில்லை நாங்கள். இப்போது சேலத்துக் கடையில் வளையல் வாங்கும்போது, அளவு பார்த்துச் சட்டென்று ஏற்றிவிடுகிறார்கள். நான் மட்டும் கையை நீட்டினபடி இன்னும் ஒரு நிமிஷம் உட்கார்ந்திருக்கிறேன்.