மாமன் மடியில் சூடு

அரசு அலுவலகத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் குப்பை கொட்டியதில், நான் எந்தத் தவறையும் முறைப்படி அல்லாமல் செய்ததில்லை. முதலில் விதியைப் படிப்பேன். பிறகு குறிப்பு எழுதுவேன். அதன் பிறகுதான் தவறு செய்வேன். கண்காணிப்பாளராக ஓய்வு பெற்ற அன்று வாழ்த்திப் பேசியவர்கள் எல்லாரும் இதைத்தான் சுற்றி வளைத்துச் சொன்னார்கள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். என் தொடை இரண்டும் வெந்த கதையும் முழுக்க முழுக்க முறைப்படி நடந்ததுதான்.

ஓய்வு பெற்ற கையோடு மதுரையில் ஒரு பழைய டூரிங் மோட்டார் சைக்கிள் வாங்கினேன். இமயமலைக்குப் போகிறவர்கள் வைத்திருப்பார்களே, அந்த ரகம். இரண்டு பக்கமும் பெட்டி, முன்னால் கண்ணாடித் தடுப்பு, ஏறி உட்கார்ந்தால் கால் விரல் நுனி மட்டும் தரையைத் தொடும். அதில் நான் பாளையம்பட்டியிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் போய்க் காய்கறி வாங்கி வந்தேன். (முருங்கைக்காய் மட்டும் பெட்டிக்குள் அடங்காது. கொடிக்கம்பம் மாதிரி நீட்டிக்கொண்டு வரும்.)

வண்டியில் ஒரே குறை, சூடு. எஞ்சினைக் குளிர்விக்க முன்பக்கம் ரேடியேட்டர் உண்டு, அதற்குப் பின்னால் விசிறி உண்டு. வேகமாகப் போகும்போது எதிர்காற்றே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். வேகம் குறைந்தால் விசிறி ஓடத் தொடங்கி, எஞ்சினின் சூட்டையெல்லாம் வாரி ஓட்டுகிறவன் தொடையில் கொட்டும். பஸ் ஸ்டாப் நெரிசலில் இரண்டு நிமிடம் நின்றால் போதும், அடுப்படியில் உட்கார்ந்த மாதிரிதான்.

கையேட்டை மூன்று முறை படித்தேன். மெதுவாகப் போனால் சூடு தெரிவது இயல்பு என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. அதன் ஓரத்தில் பென்சிலால் ‘ஏற்பதற்கில்லை’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். வண்டியைச் சரிபார்க்கும் மெக்கானிக்கிடமும் கேட்டேன்.

“வேகமாப் போங்க சார், சுடாது.”

“நான் போற எடத்துல வேகமாப் போக முடியாதே.”

“அப்ப வேற வண்டியில போங்க சார்.”

மனிதர் இரண்டே வரியில் சொன்னதைக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இருந்திருக்காது.

இந்தச் சமயத்தில்தான் என் தங்கை பாண்டியம்மாள் வந்து நின்றாள். அவள் மகள் வயிற்றுப் பேரனுக்குக் காதுகுத்து. திருச்சுழிப் பக்கம் இருக்கும் குலசாமி கோயிலில், பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை. தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். ஆனால் தங்கை மகளுக்கு உடன்பிறந்த ஆண் யாரும் இல்லை. அதனால் அவளுடைய தாய்மாமனாகிய நானே அவள் பிள்ளைக்கும் மாமன் முறைக்கு நிற்க வேண்டும். தாத்தா வயதில் மாமன் பதவி, கூடுதல் பொறுப்பு.

“அண்ணே, காரியாபட்டி சம்பந்தகாரவுக எல்லாம் வாராக. ‘மாமன் மடிக்கு ஆள் இல்லைன்னா எங்க பக்கத்துல ஒரு ஆள உக்கார வைக்கிறோம்’னு இப்பவே பேசுறாக. ஆம்பளப் பிள்ளை பெக்காதவன்னு எனக்கு ஒரு பேரு இருக்கு. ஒன் மடிதான்ணே என் மானம். பத்தரைக்கு ராகுகாலம். அதுக்கு முன்னால குத்திறணும்.”

“எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு தாயி. நான் பாத்துக்கிறேன்” என்றேன். அன்று இரவே இரண்டு பக்க நிகழ்ச்சி நிரல் தயாரித்து எல்லாருக்கும் படி அனுப்பினேன். அதில் மூன்றாவது இனம்: ‘காலை 9.40 – மேளதாளத்துடன் தாய்மாமன் வருகை (இருசக்கர வாகனத்தில்)’.

என் மனைவி அதைப் படித்துவிட்டு, “சீரு டெம்போவுல டிரைவர் பக்கத்துல உக்காந்து வந்தா ஆகாதா? வெயிலும் படாது” என்றாள்.

“தாய்மாமன் லோடோட லோடா வரக்கூடாது” என்றேன். (இந்த வாக்கியத்தை அவள் இன்றுவரை மறக்கவில்லை.)

சூட்டுக்கும் ஏற்பாடு செய்தேன். ஈரத்துணி சுற்றிய பானையில் தண்ணீர் குளிரும் அல்லவா? அதே விதி எஞ்சினுக்கும் பொருந்தும் என்று முடிவு செய்தேன். இரண்டு சணல் சாக்குகளைத் தண்ணீரில் ஊறப்போட்டு, பெட்ரோல் டேங்க்கின் மேல் போர்த்தி இருபுறமும் தொங்கவிட்டுக் கயிற்றால் கட்டினேன். தொங்கிய சாக்கு, விசிறிக் காற்று வெளியேறும் வழியை இரண்டு பக்கமும் கச்சிதமாக அடைத்துக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. பானைக்கு விசிறி கிடையாது என்பதும் நினைவுக்கு வரவில்லை.

அருப்புக்கோட்டையைத் தாண்டித் திருச்சுழி ரோட்டில் வண்டி ராஜா மாதிரி போனது. இரண்டு பக்கமும் காய்ந்த கரிசல், பருத்திமார், சீமைக்கருவேல். எதிர்காற்றில் சாக்கு படபடத்துக் காற்றுக்கு வழி விட்டது, தொடையில் குளிர்ச்சி தெரிந்தது. மெக்கானிக்கை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

கோயிலுக்குத் திரும்பும் மண்பாதை முக்கில் மேளக்காரர்களும் சீர்த்தட்டு ஏந்திய பெண்களும் காத்திருந்தார்கள். பக்கத்திலிருந்த ஓடைப் பாலத்துக்குப் பின்னால் போய்ப் பேண்டைக் கழற்றிப் பட்டுவேட்டிக்கு மாறினேன். அங்கிருந்து கோயிலுக்கு ஒரு கிலோமீட்டர். முன்னால் மேளம், அதற்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் தட்டுகள். மேளம் நடக்கிற வேகத்தில்தான் நான் போக முடியும். மேளமோ நாலு எட்டு நடந்து ஒரு ஆட்டம், நாலு எட்டு நடந்து ஒரு ஆட்டம்.

இமயமலை ஏறப் பிறந்த வண்டி முதல் கியரில் முனகியது. விசிறி ஓடத் தொடங்கியது. வெளியே போக வழியில்லாத சூடு, ஈரச்சாக்குக்குள் புகுந்து ஆவியாகி, என் வேட்டிக்குள் வந்தது. இட்டிலிக் கொப்பரை எப்படி வேலை செய்கிறது என்பதை உள்ளே உட்கார்ந்து பார்த்த ஒரே ஓய்வூதியர் நானாகத்தான் இருப்பேன்.

முன்னால் பின்னோக்கி நடந்துகொண்டிருந்த வீடியோக்காரர் கையைக் காட்டினார்.

“சார், இன்னும் கொஞ்சம் மெதுவா. மொகத்துல சிரிப்பே இல்ல சார்.”

சிரித்தேன். வெப்பமானியில் கோடுகள் ஒவ்வொன்றாக ஏறின. சிவப்பு விளக்கு எரிந்தது. சிவப்பு விளக்கு எரிந்தால் உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும் என்பது கையேட்டில் எத்தனையாவது பக்கம் என்று கூட எனக்குத் தெரியும். ஆனால் காரியாபட்டி சம்பந்தகாரர்கள் கோயில் வாசலில் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது டேங்க்குக்கு அடியிலிருந்து புஸ்ஸென்று வெள்ளைப் புகை கிளம்பியது. பெண்கள் குலவை போட்டார்கள். மேளக்காரர்கள் அதற்காகவே நின்று ஒரு தனி ஆட்டம் போட்டார்கள்.

“சார், புகை எஃபெக்ட் அருமை. அப்படியே வாங்க” என்றார் வீடியோக்காரர்.

கோயிலுக்கு நூறு அடி இருக்கும்போது வண்டி தானாகவே நின்றுவிட்டது. நான் இறங்கவில்லை. விழுந்தேன் என்பதுதான் சரியான சொல். தங்கையின் கணவர் ஆரத்திக்கு வைத்திருந்த தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

“மச்சான், தள்ளுங்க, எஞ்சின் மேல ஊத்திருவோம்.”

“ஊத்தக் கூடாது மாப்பிள்ளை. கொதிச்ச எஞ்சின்ல பச்சத் தண்ணி பட்டா உலோகம் வெடிச்சிரும். மூடியையும் தொறக்கக் கூடாது. நிழல்ல நிறுத்தி, அரை மணி நேரம் தானா ஆறவிட்டு, அதுக்கப்புறம்…”

“அப்ப ஒங்க மேல ஊத்தவா? ஒங்க மேலயும் ஆவி வருது மச்சான்.”

நான் முறையை முதலிலிருந்து மறுபடி விளக்கத் தொடங்கினேன். பத்து மணி ஐந்து நிமிடத்துக்குத் தொடங்கிய விளக்கம் பத்தேகாலுக்கும் முடியவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு என் தங்கை வந்தாள். கண் கலங்கியிருந்தது.

“அண்ணே, வண்டி கெடக்கட்டும். மடியக் கொண்டா.”

அந்த நூறு அடியை நான் நடந்த அழகை விவரிக்க மாட்டேன். தொடையோடு தொடை உரசாமல் நடக்க ஒரு முறைதான் உண்டு. அதைப் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ, வழி மட்டும் தாராளமாக விட்டார்கள். ஜமுக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பதினோரு மாதப் பிள்ளை, நல்ல புஷ்டி. அவனைத் தூக்கி, வெந்த இடம் பார்த்து வைத்தார்கள்.

காது குத்தும் ஆசாரி ஊசியை எடுத்தார். பத்து இருபத்து நாலு. “சார், நீங்க அசையாம இருந்தாத்தான் பிள்ள அசையாது” என்றார். தலையாட்டினேன். ஊசி இடது காதைத் தொட்டது. பிள்ளை இரண்டு குதிகாலையும் சேர்த்து என் வலது தொடையில் ஓங்கி ஒரு உதை விட்டான்.

நான் அலறினேன். சாமியாடி இல்லாத அந்தக் கோயிலில் அன்று அப்படி ஒரு சத்தம் கேட்டதில் பூசாரியே திருநீற்றுத் தட்டோடு ஓடி வந்தார். அழ வாயைத் திறந்த பிள்ளை, திறந்த வாயை மூடாமல் என்னையே பார்த்தான். என் கன்னத்தில் தண்ணீர் ஓடியது. அவன் அந்த ஆச்சரியத்திலிருந்து மீள்வதற்குள் ஆசாரி வலது காதையும் குத்தி முடித்துவிட்டார். பத்து இருபத்தெட்டு.

காரியாபட்டிப் பெரிய சம்பந்தி தோள்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“பிள்ளைக்கு வலிக்கும்னு இவுக அழுகுறாக பாருங்க. எங்க பக்கத்துல இப்படி ஒரு மாமன் கெடையாது.”

என் தங்கை தலை நிமிர்ந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் நான் இன்னும் கொஞ்சம் அழுதேன், அதையும் சேர்த்து வீடியோக்காரர் எடுத்துக்கொண்டார். தாய்ப்பாசம் தோற்கும் மாமன் பாசம் என்ற அந்தப் பெருமை சரியாகச் சாப்பாட்டுப் பந்தி வரை நீடித்தது. பந்தியில் நான் நின்றுகொண்டே சாப்பிட்டேன். ஏன் என்று சம்பந்தியம்மா கேட்க, என் மனைவி சாக்கு, விசிறி, பட்டுவேட்டி எல்லாவற்றையும் வரிசை மாறாமல் விளக்கிவிட்டாள். “லோடோட லோடா வரமாட்டேன்னாக” என்று முடித்தாள். அன்று பந்தியில் பாயசம் நிறையப் பேருக்குப் புரையேறியது.

டெம்போவில் சீர் இறக்கிய இடத்தில் என்னை மல்லாக்கப் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். லோடோடு லோடாக அல்ல. லோடே நான்தான். ஆஸ்பத்திரி டாக்டர் களிம்பு எழுதிக்கொண்டே எப்படிப் பட்டது என்று கேட்டார். “காதுகுத்துல” என்றேன். அவர் என் காதை ஒரு முறை பார்த்துவிட்டு, களிம்பை இரண்டு டியூபாக மாற்றி எழுதினார்.

வண்டி இன்னும் இருக்கிறது. விடிகாலையில் மட்டும், மேளம் இல்லாத ரோட்டில் மட்டும் ஓட்டுகிறேன். கையேட்டில் ‘ஏற்பதற்கில்லை’ என்று எழுதியதை அடித்துவிட்டு ‘ஏற்கப்பட்டது’ என்று எழுதி, தேதி போட்டு, மறுபடி கையெழுத்திட்டிருக்கிறேன்.

பிள்ளைக்கு இப்போது நாலு வயது. என்னைப் பார்க்க வந்தால் ஓடி வந்து மடியில் ஏற மாட்டான். வீட்டில் யார் சொல்லிக் கொடுத்தார்களோ, நேரே அடுப்படிக்குப் போய் டம்ளரில் தண்ணீர் எடுத்து வருவான். தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பது போல, விரலை நனைத்து என் தொடையில் இரண்டு சொட்டுத் தெளிப்பான். காதைக் கிட்டத்தில் வைத்துக் கேட்பான். சத்தம் வராவிட்டால், “ஆறிருச்சு” என்று எல்லாருக்கும் அறிவித்துவிட்டுத்தான் உட்காருவான்.