சர்வரைக் கொன்று பார்த்த மருமகன் எழுதுவது

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகன் பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் சுகம். உங்கள் மகள் என்னோடு பேசுவதில்லை, ஆகவே அவள் சுகமா என்று எனக்குத் தெரியாது. போனில் என் குரல் கேட்டதுமே நீங்கள் வைத்துவிடுவதால் காகிதத்தில் எழுதுகிறேன். பாதியில் கிழித்துவிடாமல் கடைசிவரை படிக்க வேண்டும்.

அன்று உங்களைப் பேருந்து நிலையத்தில் பெட்டியோடு உட்கார வைத்தது, நீங்கள் வெறுத்துப்போய் அடுத்த வண்டியிலேயே ஊர் திரும்பியது, எல்லாம் என் தப்புதான். ஆனால் என் நிலைமையையும் கேளுங்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை முடிவுகளை எல்லா வார்டுகளுக்கும் அனுப்பும் சர்வர் என் பொறுப்பு, அது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே தடாலென்று விழும், பிறகு தானாகவே எழும், ஏன் விழுந்தாய் என்று தேடினால் ஒரு வரிகூட எழுதி வைத்திருக்காது. மேலாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டு, உட்காரக்கூடச் சொல்லாமல், "இனிமே ஒரு தடவை விழுந்து, ஏன்னு உங்களால சொல்ல முடியலேன்னா, நீங்க வேற இடம் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டார். வீட்டில் இதை நான் சொல்லவில்லை. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை மாமா.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. சர்வரை நடத்தும் அடிப்படை நிரலுக்குக் கெர்னல் என்று பெயர். அது செத்துவிட்டால் என்ன நடந்தது என்று சொல்ல ஆளில்லை. ஆகவே மெமரியில் ஒரு மூலையை ஒதுக்கி, வேறு யாரும் உள்ளே வராதபடி தடுத்து, அங்கே இன்னொரு சின்னக் கெர்னலைச் சும்மா உட்கார வைக்க வேண்டும். பெரியது விழுந்ததும் சின்னது எழுந்து, சாகும் நேரத்தில் மெமரியில் இருந்ததை எல்லாம் அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துவிடும். வீட்டில் அத்தைக்கும் சின்ன மாமாவுக்கும் சண்டை வந்தால் நீங்கள் பின்னறையில் செய்தித்தாளோடு ஒதுங்கிவிட்டு, எல்லாம் அடங்கிய பிறகு வெளியே வந்து, யார் முதலில் குரலை உயர்த்தியது என்று பிசகாமல் சொல்வீர்களே, அதே உத்தியோகம்தான். இந்த ஏற்பாடு வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் சர்வரை நாமே வேண்டுமென்றே சாகடிக்க வேண்டும்.

"நீங்களே அத விழ வைக்கப் போறீங்களா?" என்றார் மேலாளர்.

"ஆமா சார்."

"விழாம பாத்துக்கத்தான உங்களுக்குச் சம்பளம்?"

கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கினேன். அவர் குறித்துக் கொடுத்த மதியம்தான், பாழாய்ப்போன என் நேரம், உங்கள் பேருந்து வந்து சேர்ந்த மதியம். கட்டளையை அடித்தேன். திரை கறுத்தது. சின்னது எழும் என்று பார்க்கிறேன், எழவில்லை. சட்டைப் பையில் போன் அதிர்கிறது, நீங்கள்தான், எடுக்க வரவில்லை கை. அதற்குள் அவசரப் பிரிவு டாக்டர் பக்கத்திலிருந்த மேலாளரைப் போனில் கூப்பிட்டு, "மேசையில ஆள் கெடக்கு, ரிசல்ட் எங்க?" என்று கத்த, ரத்தம் சோதிக்கும் லேப் அம்மா முடிவை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு மாடிப்படியில் ஓடினார். போகிற போக்கில் என்னிடம், "உங்களக் கும்பிட்டுக் கேக்குறேன், எதையும் தொடாதீங்க" என்றார். அந்த நோயாளிக்கு ஏதாவது ஆகியிருந்தால் இந்தக் கடிதத்தை நான் வேறு இடத்திலிருந்து எழுதியிருப்பேன். பட்டனை அழுத்திப் பிடித்து சர்வரை அணைத்து எழுப்பினேன். அப்போது நீங்கள் திரும்பிப் போகும் வண்டியில் ஏறியிருந்தீர்கள்.

அதன் பிறகும் விடவில்லை. அனுமதி கேட்பேன், சாகடிப்பேன், பெரியது விழும், சின்னது எழாது, லேப் அம்மா ஓடுவார். நான் விழ வைத்தால்தான் விழுந்ததே தவிர, சர்வர் தானாக விழுவதை அடியோடு நிறுத்திவிட்டது. "அதுதான் விழவே மாட்டேங்குதே, விட்டுத் தொலைங்களேன்" என்றார் மேலாளர். "அது விழணும் சார், அப்பதான ஏன்னு தெரியும்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். கடைசியில் ஒரு யோசனை தோன்றி, சின்னக் கெர்னலுக்கு ஒதுக்கிய மூலையை மாற்றி, மெமரியில் வேறு இடம் கொடுத்தேன். சாகடித்தேன். திரை கறுத்தது, பிறகு மாமா, வரி வரியாக ஓடியது, சின்னது எழுந்து எழுதியே விட்டது! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. மேலாளர் என் முதுகில் தட்டினார். எல்லாம் சரியாகிவிட்டது, என் வேலைக்கும் இனி ஆபத்தில்லை. கோபத்தை மறந்து இந்த வாரமே புறப்பட்டு வாருங்கள்.

அத்தைக்கு என் வணக்கம். சின்ன மாமாவுக்கும் சொல்லவும், அத்தை பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து.

உங்கள் ஆசியை வேண்டும்,
மருமகன்

பி.கு.: கடிதத்தை உறையில் போடும் முன் சர்வர் தானாகவே விழுந்துவிட்டது. சின்னது ஒழுங்காக எழுந்து எழுதி வைத்தது, காரணமும் தெரிந்துவிட்டது. மெமரியில் ஒரு மூலை கெட்டுப்போயிருக்கிறது. எந்த மூலை என்றால், முதலில் சின்னக் கெர்னலுக்கு நான் ஒதுக்கியிருந்த அதே மூலை. அதனால்தான் சின்னதால் எழ முடியவில்லை. அந்த இடத்தில் வேறு யாரும் காலை வைக்காததால்தான் சர்வரும் விழாமல் இருந்தது. நான்தான் மெனக்கெட்டு இடத்தை மாற்றி, கெட்ட மூலையை எல்லோருக்கும் திறந்துவிட்டிருக்கிறேன். மறைக்காமல் மேலாளரிடம் சொன்னேன். அவர் முதலில் என்னை உட்காரச் சொன்னார். பிறகு, "காரணம் சொல்லிட்டீங்க, வேலைய விட்டு அனுப்பல. புது மெமரி வர்ற வரைக்கும் உங்க சின்ன ஆளப் பழைய மூலையிலயே உக்கார வைங்க" என்றார். உட்கார வைத்துவிட்டேன். சர்வர் விழவில்லை. விழுந்தால் எழுதி வைக்க ஆளுமில்லை. இன்று உங்கள் மகள் வாயைத் திறந்து, "எங்க அப்பாவத் திருப்பி அனுப்பிட்டு அங்க அப்படி என்னதான் சாதிச்சீங்க?" என்று கேட்டாள். "முதல் நாள் எப்படி வச்சேனோ, அப்படியே திருப்பி வச்சுட்டேன்" என்றேன். புது மெமரி வரட்டும், இந்த வாரம் வர வேண்டாம் மாமா.