பால்கனிப் படம் பார்த்து இத்தாலி போன கதை

கொலோன்
செப்ரெம்பர் 14

அன்பும் மதிப்பும் மிக்க தம்பித்துரை அண்ணைக்கு,

நானும் ரஞ்சினியும் நல்ல சுகம். பிராங்பேர்ட்டில் நீங்களும் பிரபாலினி அக்காவும் சுகமாக இருக்க நல்லூர்க் கந்தன் துணை நிற்பார். அவர் நிற்காவிட்டாலும் நீங்கள் சுகமாகத்தான் இருப்பீர்கள் என்பது உங்கள் படங்களைப் பார்த்தாலே தெரிகிறது. குடும்ப வட்ஸ்அப்பில் எழுதினால் முப்பத்தெட்டுப் பேர் வாசிப்பார்கள் என்பதால் முத்திரை ஒட்டி அனுப்புகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு உங்கள்மேல் துளியும் பொறாமை இல்லை.

போன வருடம் நீங்கள் இத்தாலி மலை ஊர்களைக் காரில் சுற்றி, கோட்டல்களில் தங்கி, நூற்றுப் பதினான்கு படங்கள் போட்டீர்கள். அக்கா பால்கனியில் கோப்பி குடிக்கிற படத்தை ரஞ்சினி விரலால் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தாள். பிறகு, "அக்கா குடுத்து வைச்சவ" என்றாள். அன்றிலிருந்து புட்டு அவித்தாலும் அந்த வசனம், குப்பைத் தொட்டியை வெளியே வைத்தாலும் அந்த வசனம். கல்யாணம் கட்டி இருபத்தாறு வருடம், தன்னைப் பற்றி அவள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை அதைக் கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு வெறி பிடித்துவிட்டது அண்ணை. அதே படத்தை நானும் பெருப்பித்து, பால்கனிக்குக் கீழே இருந்த கோட்டல் பெயரை எழுத்தெழுத்தாக வாசித்து எடுத்தேன். வேலையிடத்தில் லீவும் எடுத்தேன்.

நாங்கள் பாரிஸ் போனால் சித்தி வீட்டு சோபா, லண்டன் போனால் மாமா வீட்டு நிலம், சுவிஸ் போனால் ஒன்றுவிட்ட அண்ணன் வீடு என்று படுத்தெழும்பிய ஆட்கள். கோட்டலில் தங்கிப் பழக்கமில்லை. "வெறுங்கையோட எப்பிடியப்பா போறது?" என்று ரஞ்சினி நாலு கோட்டலுக்கும் நாலு தகர ரின் நிறையப் பருத்தித்துறை வடை கட்டினாள். முதல் ஊரில் வரவேற்பில் நின்ற பெடியன் மரியாதைக்கு ஒன்றைக் கடித்துவிட்டுத் தண்ணீர் தேடி ஓடினான். இரண்டாம் ஊரில் இரண்டு இரவு தங்குவதாக இருந்தோம், ஆனால் காலையில் எழும்பியதும் இவள் சொந்தக்காரர் வீடு மாதிரிக் கட்டில் விரிப்புகளைக் கழற்றி மடித்து, அறையைக் கூட்டித் துடைத்துவிட்டு வந்தாள். நாங்கள் வெளிக்கிட்டுவிட்டோம் என்று நினைத்து அறையை ஒரு ஒல்லாந்துச் சோடிக்குக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாம் ஊரில் வழிகாட்டிக் கருவி சொன்ன தெரு, போகப் போக ஒடுங்கி, கடைசியில் ஒரு வீட்டுப் படிக்கட்டில் முடிந்தது. காரின் பக்கக் கண்ணாடிகளை மடக்கி, ஒரு கிழவர் கை காட்டக் காட்ட, அரைக் கிலோமீற்றர் பின்பக்கமாக ஓட்டினேன். "அத்தான்ர படத்தில எல்லா றோட்டும் அகலமாத்தான் கிடந்தது" என்று உங்கள் படங்களை இழுத்தாள் இவள். நான் பல்லைக் கடித்தேனே தவிர வாய் திறக்கவில்லை.

நாலாவது உங்கள் கோட்டல். ரஞ்சினியை ரின்னோடு வாசலில் இறக்கிவிட்டு, ஊர் மதிலுக்கு வெளியே காரை நிறுத்திவிட்டு மூச்சிரைக்க ஏறி வந்தால், அவள் அதே பால்கனியில் இருக்கிறாள். நான் அந்த வசனத்துக்காகக் காத்திருந்தேன். கோப்பி ஆறியது, வெயில் இறங்கியது, அவள் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு மனம் விட்டுப்போனது அண்ணை.

அடுத்தநாள் காலை, இவ்வளவு பட்டும் அவள் மேலே விரிப்பு மடித்துக்கொண்டிருக்க, நான் தனியே பாண் சாப்பிட்டேன். கோட்டல்கார அம்மா வடையைக் கடித்தபடி வந்து, ரின் மூடியிலிருந்த தமிழ் எழுத்தைக் காட்டி, விருந்தினர் புத்தகத்தில் ஒரு பக்கத்தை விரித்தார். உங்கள் கையெழுத்து. எவருக்கு விளங்கப்போகிறது என்ற துணிவில் இப்படி எழுதியிருந்தீர்கள்:

"மூண்டு நாளும் சண்டை. வளைவுக்கு வளைவு நான் கத்தினன். ஆனந்தராசா எண்டால் கத்தாமல் கார் ஓடுவார், தங்கச்சி குடுத்து வைச்சவள் எண்டு பிரபாலினி வழி முழுக்க ஒரே கதை. அந்த மனிசனை நினைச்சாலே எரியுது. பால்கனி நல்லம்."

நாலு தடவை வாசித்தேன். உண்மையைச் சொன்னால், எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. பிறகுதான் உங்களை நினைத்துக் கவலை வந்தது. அவ்வளவு சண்டைக்கு நடுவில் நூற்றுப் பதினான்கு தடவை சிரிக்க உங்கள் கன்னம் என்ன பாடு பட்டிருக்கும். ரஞ்சினிக்கு இதைச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். இது உங்களோடும் என்னோடும் இருக்கட்டும். அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் இரத்தப் பிறசரும் காரும் நல்லபடி ஓட வேண்டிக்கொள்கிறேன்.

பொறாமை துளியும் இல்லாத சகலன்,
ஆனந்தராசா

பி.கு.: கடித உறை ஒட்ட ரஞ்சினியிடம் பசை கேட்டேன். கடிதத்தை வாங்கி முழுவதையும் வாசித்துவிட்டாள். நான் கார் நிறுத்தப் போன நேரத்திலேயே கோட்டல்கார அம்மா அவளுக்கும் அந்தப் பக்கத்தைக் காட்டிவிட்டாராம். இவள் பால்கனியில் இருந்தே அக்காவுக்குப் போன் எடுத்தாளாம். வருகிற ஆனியில் அக்காவும் தங்கையும் மட்டும் ரெயினில் போகிறார்கள், அதே கோட்டல், அதே பால்கனி, பதிவும் செய்தாயிற்று. அந்த ஒரு கிழமைக்கு நீங்கள் கொலோன் வந்து என்னோடு சமைத்துச் சாப்பிடவேண்டுமாம். எல்லாம் சொல்லி முடித்து, பதிவுத் தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாகச் சொன்னாள் அண்ணை: "நான் குடுத்து வைச்சவள்."